சூயஸ் 1956: ஒரே அடி, ரெண்டு பாடம்

நேரா ஒரு போன் காலுக்குப் போயிடலாம்.

1956 நவம்பர் 7. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிஞ்சிருக்கு. ஐசன்ஹோவர் ரெண்டாவது தடவையா ஜெயிச்சிருக்கார். காலைல லண்டன்லேர்ந்து பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன் கூப்பிடுறார். தானும் பிரெஞ்சுப் பிரதமர் கி மொலேயும் உடனே வாஷிங்டனுக்குப் பறந்து வந்து நேர்ல பேசலாமான்னு கேட்கிறார். ஐசன்ஹோவர் சரின்னு சொல்லிடுறார். பக்கத்துல இருக்கிற ஆலோசகர்கள் பதறுறாங்க. கொஞ்ச நேரத்துல வெள்ளை மாளிகைலேர்ந்து லண்டனுக்குத் திரும்ப போன் போகுது: இப்ப வேண்டாம், தள்ளி வச்சுக்கலாம்.

வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டவர், நீங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள மறுபடி கூப்பிட்டு வராதீங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் யாரு? ரெண்டாம் உலகப் போர்ல ஐசன்ஹோவர் நேச நாட்டுப் படைகளோட தளபதி. ஈடன் அப்போ சர்ச்சிலோட வெளியுறவு அமைச்சர். ஒரே ஊர்ல, ஒரே அறைகள்ல உட்கார்ந்து ஹிட்லருக்கு எதிரா திட்டம் போட்ட ஆளுங்க. பன்னிரண்டு, பதிமூணு வருஷத்துல இந்த நிலைமை.

இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான். எதிரி நாடுகள் சமாதானம் ஆகுறதைப் பத்தி நிறைய பேசுறோம். நீண்ட நாள் கூட்டாளிகளுக்குள்ள நம்பிக்கை உடைஞ்சா அது எப்படி ஒட்டுது? மன்னிப்புக் கேட்டா? கைகுலுக்கி போட்டோ எடுத்தா? சூயஸ் விவகாரம் இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம். காரணம், அமெரிக்காகிட்ட ஒரே நாள்ல ஒரே அடியை வாங்கினவங்க ரெண்டு பேர், பிரிட்டனும் பிரான்ஸும். ரெண்டு பேரும் அதுலேர்ந்து நேர் எதிரான பாடத்தைக் கத்துக்கிட்டாங்க.

முதல்ல பின்னணி, சுருக்கமா.

சூயஸ் கால்வாய் 1869-ல திறந்தாங்க. எகிப்து மண்ணுல, எகிப்தியத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து வெட்டின கால்வாய். ஆனா நடத்தினது பாரிஸ்ல தலைமையகம் வச்சிருந்த ஒரு கம்பெனி. 1875-ல எகிப்து ஆட்சியாளர் கடன்ல மூழ்கினப்போ அவரோட பங்குகளை பிரிட்டன் வாங்கிடுச்சு. 1950-கள்ல மேற்கு ஐரோப்பாவுக்கு வளைகுடா எண்ணெய் வர்ற முக்கியமான வழி இதுதான்.

எகிப்து அதிபர் நாசர், நைல் நதில அஸ்வான் அணை கட்டப் பணம் தேடிட்டு இருந்தார். தர்றதா சொன்ன அமெரிக்கா 1956 ஜூலை 19-ல பின்வாங்கிடுச்சு. ஒரே வாரம். ஜூலை 26-ல அலெக்சாண்ட்ரியாவுல நாசர் மேடையேறுறார். அந்தப் பேச்சுல கால்வாயை வெட்டின பிரெஞ்சுக்காரர் டி லெசெப்ஸோட பேரை அவர் சொன்னா, அதுதான் சிக்னல். ரேடியோவுல அந்தப் பேரைக் கேட்டதும் அவரோட ஆட்கள் கால்வாய் கம்பெனி அலுவலகங்களுக்குள்ள நுழைஞ்சாங்க. கால்வாய் தேசியமயம். பங்குதாரர்களுக்கு ஈடு தர்றேன்னும் அதே மூச்சுல அறிவிச்சார். சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

ஈடனுக்கு நாசர்கிட்ட முசோலினி தெரிஞ்சார். 1930-கள்ல சர்வாதிகாரிகளுக்கு விட்டுக்கொடுத்துத்தான் போர் வந்துச்சு, இந்த முறை விடக்கூடாதுங்கிற எண்ணம் அவருக்குள்ள ஊறிப்போயிருந்தது. பிரான்ஸுக்கு வேற கணக்கு. அல்ஜீரியாவுல அவங்களை எதிர்த்துப் போராடுறவங்களுக்கு நாசர் உதவி பண்றார், அவரைச் சாய்ச்சா அல்ஜீரியா அடங்கிடும்னு நம்பினாங்க. அமெரிக்காவுக்கு? நாசர் தலைவலிதான். ஆனா இதுக்காகச் சண்டை போட்டா அரபு உலகமே சோவியத் பக்கம் போயிடும்ங்கிற பயம்.

இனிமேதான் முக்கியமான பகுதி. ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் லண்டனும் வாஷிங்டனும் ஓயாம பேசிட்டே இருந்தாங்க. கடிதங்கள், மாநாடுகள், தூதர்கள். பேச்சு இல்லாம உறவு உடையலை. ஜூலை கடைசியிலயும் செப்டம்பர் தொடக்கத்துலயும் ஐசன்ஹோவர் ஈடனுக்கு எழுதின கடிதங்கள்ல, படைபலம் வேண்டாம், அமெரிக்க மக்கள் இதை ஏத்துக்க மாட்டாங்கன்னு தெளிவாவே இருக்கு. ஆனா ஈடன் படிச்சது எழுத்தை இல்ல, எழுதின ஆளை. 'வெளியில அப்படித்தான் சொல்வார், நெருக்கடின்னு வந்தா நம்ம ஐக் நம்மை விட்டுட மாட்டார்'ங்கிற மாதிரி ஒரு நினைப்பு.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் இதை இன்னும் குழப்பினார். ஒரு நாள் நாசர் விழுங்கினதைக் கக்க வைக்கணும்ங்கிற தொனியில பேசுவார், அடுத்த வாரம் தன்னோட திட்டத்துக்கே பல் கிடையாதுன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்வார். ஈடனுக்கு டல்லஸைச் சுத்தமாப் பிடிக்காது. அதனால தனக்குப் பிடிச்ச பாதியை மட்டும் எடுத்துக்கிட்டார்.

செப்டம்பர் கடைசியில பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன் வெள்ளை மாளிகை போய் ஐசன்ஹோவரைப் பார்க்கிறார். இவரும் வட ஆப்பிரிக்கப் போர்க்களத்துல ஐசன்ஹோவரோட வேலை பார்த்தவர். அந்தச் சந்திப்புல சூயஸ் பத்திப் பெரிசா ஒண்ணுமே பேசலை. மேக்மில்லன் லண்டன் திரும்பி, ஐக் நம்ம வழியில குறுக்கே நிக்க மாட்டார்ங்கிற மாதிரி சொல்றார். ஒருத்தர் வாயைத் திறக்காம இருந்ததை சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. பேசுறதுக்குக் கஷ்டமான விஷயத்தைப் பேசாம விட்டதாலயே அந்தச் சந்திப்பு இனிமையாப் போயிருக்கு. நெருங்கின ஆளுங்களுக்குள்ள இது எவ்வளவு சகஜம்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் செவ்ர். பாரிஸ் பக்கத்துல இருக்கிற ஊர். அக்டோபர் 22 முதல் 24 வரை அங்க ஒரு தனி வீட்டுல பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணு நாட்டு ஆட்களும் ரகசியமாச் சந்திச்சாங்க. திட்டம் இதுதான்: இஸ்ரேல் சினாய்க்குள்ள புகுந்து கால்வாயை நோக்கிப் போகணும். உடனே பிரிட்டனும் பிரான்ஸும் 'ஐயோ, சண்டையாச்சே, கால்வாய்க்கு ஆபத்தாச்சே'ன்னு நடுவர் மாதிரி உள்ளே வந்து ரெண்டு பேரையும் விலகச் சொல்லணும். எகிப்து மறுக்கும். மறுத்ததும் அடிக்கலாம். இதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க. எழுத்துல வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் ஈடன் ஆடிப்போயிட்டார். பிரதிகளை வாங்கி அழிச்சிடணும்னு அதிகாரிகளைத் திரும்ப பாரிஸுக்கே அனுப்பினார். பிரெஞ்சுக்காரங்க தர மாட்டேன்னுட்டாங்க. பிரிட்டனோட பிரதி அழிக்கப்பட்டது. இஸ்ரேலோட பிரதி பத்திரமா இருந்து 1996-ல வெளியே வந்துச்சு.

இந்தத் தாளைப் பத்தி அமெரிக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

நம்ம ஊர்ல சொந்தக்காரங்க சண்டை எதுல தொடங்கும்? பெரும்பாலும் நிலத்துல இல்ல. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கலை, ஊரார் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்ங்கிறதுலதான். ஐசன்ஹோவருக்கும் அதே காயம். அக்டோபர் 29-ல இஸ்ரேல் படை சினாய்க்குள்ள போகுது. அடுத்த நாள் பிரிட்டனும் பிரான்ஸும் கெடு விதிச்ச விஷயம் அவருக்குச் செய்தி ஏஜென்சி வழியா வருது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கிறப்போ. ஹங்கேரியில சோவியத்துக்கு எதிரா மக்கள் எழுந்திருக்கிற அதே நேரத்துல. நவம்பர் 4-ல சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டை நசுக்குறப்போ, 'பார்த்தீங்களா ஆக்கிரமிப்பை'ன்னு மேற்கு நாடுகள் விரல் நீட்ட முடியலை. தங்களோட கூட்டாளிகளே கெய்ரோ மேல குண்டு போட்டுட்டு இருந்தாங்க.

ஐ.நா. பாதுகாப்பு சபையில அமெரிக்கா தீர்மானம் கொண்டுவருது, அதை பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோ பண்றாங்க. விஷயம் பொதுச்சபைக்குப் போகுது. நவம்பர் 2-ல அமெரிக்காவோட போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு ஆதரவு 64, எதிர்ப்பு 5. அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே பக்கம் கை தூக்கினாங்க.

ஆனா பிரிட்டனை மண்டியிட வச்சது ஐ.நா. இல்ல. பணம். இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், ஏன்னா கூட்டாளி கோபப்பட்டா எந்த இடத்துல அடிப்பான்ங்கிறது இதுலதான் இருக்கு.

அப்போ ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர்னு நிலையான விலை. அந்த விலையைக் காப்பாத்தணும்னா, சந்தையில பவுண்டை யார் வித்தாலும் பிரிட்டன் தன் கஜானாவுல இருக்கிற டாலரைக் கொடுத்து வாங்கணும். போர் தொடங்கினதும் எல்லாரும் பவுண்டை விக்கிறாங்க. டாலர் கையிருப்பு கரையுது. சரி, பன்னாட்டு நாணய நிதியத்துல, அதாவது ஐ.எம்.எஃப்.-ல, கேட்கலாம்னா அமெரிக்கா ஒத்துக்காம நடக்காது. அமெரிக்கா சொல்லுச்சு: முதல்ல நிறுத்து, அப்புறம் பார்க்கலாம். எண்ணெயும் அதே கதை. கப்பல்களை மூழ்கடிச்சு எகிப்து கால்வாயை அடைச்சிடுச்சு. சிரியா வழியா வர்ற குழாய்களோட பம்பிங் நிலையங்களைத் தகர்த்துட்டாங்க. மிச்சம் இருக்கிறது அமெரிக்க எண்ணெய்தான். அதையும் படைகள் வெளியேறும்னு தெரியுற வரைக்கும் ஐசன்ஹோவர் விடலை. டிசம்பர்ல பிரிட்டன்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு.

பிரான்ஸ் இதுல கெட்டிக்காரத்தனமா ஒண்ணு பண்ணியிருந்தது. போருக்கு முன்னாடி, அக்டோபர்லயே, ஐ.எம்.எஃப்.-கிட்ட கடன் ஏற்பாட்டை முடிச்சு வச்சிருந்தாங்க. கூட்டாளியோட கோபத்தை அவங்க கணக்குல சேர்த்திருந்தாங்க. பிரிட்டன் சேர்க்கலை. சண்டைக்கு முன்னாடி ரொம்பத் துள்ளின மேக்மில்லன்தான், நிதியமைச்சரா நவம்பர் 6-ல அமைச்சரவையில 'பணம் போகுது, நிறுத்தியாகணும்'னு சொன்னதும். படை கரையிறங்கின அதே நாள் நள்ளிரவுல போர்நிறுத்தம். கால்வாயோட முழு நீளத்தைக்கூட பிடிக்கலை.

நவம்பர் 17-ல ஒரு வினோதமான காட்சி. டல்லஸுக்கு இதுக்கு நடுவுல புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்து ஆஸ்பத்திரியில இருக்கார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட் பார்க்கப் போறார். 'ஏன் நிறுத்தினீங்க? ஏன் முடிச்சு வைக்கலை?'ன்னு டல்லஸ் கேட்டதா லாயிட் பின்னால எழுதினார். லாயிட் சொல்றபடியேதான் நடந்துச்சுன்னா, இதைவிடக் கசப்பான கேள்வி ராஜதந்திர வரலாற்றுல கிடைக்கிறது கஷ்டம்.

ஈடன் உடம்பு முடியாம ஜமைக்கா போனார். தங்கினது ஜேம்ஸ் பாண்டை உருவாக்கின இயன் ஃபிளெமிங்கோட வீடு. டிசம்பர் 3-ல வாபஸ் அறிவிப்பு. 10-ந் தேதி ஐ.எம்.எஃப். பிரிட்டனுக்கு 56.1 கோடி டாலர் உடனடியாவும், மேலும் 73.9 கோடி டாலர் தேவைப்பட்டா எடுத்துக்கலாம்னும் ஒப்புதல் தந்தது. தேதிகளைப் பாருங்க, ஒரு வாரம்தான் இடைவெளி. 22-ந் தேதி கடைசிப் படைகள் கிளம்பின. 1957 ஜனவரி 9-ல ஈடன் ராஜினாமா. வாரிசு யாரு? மேக்மில்லன்.

சரி, உறவு எப்படி ஒட்டுச்சு? யாரும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கலை. கடைசி வரைக்கும் ஈடன் தான் செஞ்சது சரின்னே சொல்லிட்டு இருந்தார். ஐசன்ஹோவரும் வருத்தம் தெரிவிக்கலை. ஆள் மாறினது உதவுச்சு, உண்மை. மார்ச் 1957-ல மேக்மில்லனும் ஐசன்ஹோவரும் பெர்முடாவுல சந்திச்சாங்க. அது பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த தீவு. அதாவது அமெரிக்க அதிபர் விருந்தாளி, பிரிட்டிஷ் பிரதமர் வீட்டுக்காரர். நாலு மாசத்துக்கு முன்னாடி வராதேன்னு சொன்னவங்களுக்கு இது ஒரு மரியாதையான வழி.

ஆனா அங்க நடந்த முக்கியமான விஷயம் பழசைப் பேசினது இல்ல, ஒரு புது ஏற்பாடு. அமெரிக்காவோட 'தோர்' அணு ஏவுகணைகள் 60, பிரிட்டன் மண்ணுல வைக்கிறது. அதோட இயக்க முறை எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம். பேங்க் லாக்கர் மாதிரி ரெண்டு சாவி. ஒண்ணு பிரிட்டிஷ் அதிகாரிகிட்ட, இன்னொண்ணு அமெரிக்க அதிகாரிகிட்ட. ரெண்டும் சேராம அணுகுண்டோட அது கிளம்பாது. லாக்கருக்கு ரெண்டு சாவி எதுக்கு? ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பாததால. ஆனா அப்படி நம்பாம இருக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறதாலதான் நாம நிம்மதியா நகையை அங்க வச்சுட்டு வர்றோம்.

அடுத்த உதவி மாஸ்கோலேர்ந்து வந்துச்சு. 1957 அக்டோபர் 4, ஸ்புட்னிக். சோவியத் செயற்கைக்கோள் தலைக்கு மேல சுத்துது, அமெரிக்கா பயந்துபோயிடுச்சு. மேக்மில்லன் விடலை. அணு ஆராய்ச்சியில பிரிட்டன் போர்க்காலத்துல அமெரிக்காவோட சேர்ந்து வேலை செஞ்சது. போர் முடிஞ்சதும் 1946-ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு அந்தக் கதவைச் சாத்திடுச்சு. ஒரு வகையில சூயஸுக்கு முந்தின துரோகம் அது. அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி மேக்மில்லன் அக்டோபர் கடைசியில வாஷிங்டன் போறார்.

போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, அக்டோபர் 10-ல, பிரிட்டன்ல விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடிச்சு கதிரியக்கம் வெளியே பரவியிருந்தது. விசாரணை அறிக்கை தயாரானதும் அதோட முழு வடிவத்தை மேக்மில்லன் வெளியிட விடலை. காரணம், இதைப் படிச்சா அமெரிக்கர்கள் நம்மை நம்பி அணு ரகசியத்தைத் தருவாங்களாங்கிற பயம். பக்கத்துப் பண்ணைகள்ல கறந்த பாலைக் கொட்டினாங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரிய மக்கள் முப்பது வருஷம் காத்திருந்தாங்க. கூட்டாளியோட நம்பிக்கையைச் சம்பாதிக்க, சொந்த மக்களோட நம்பிக்கையை அடகு வச்சார். இந்த சமரசத்தைப் புகழ்ந்து எழுதுறவங்க இந்தப் பக்கத்தை வேகமாத் திருப்பிடுறாங்க.

1958 ஜூலை 3-ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அணு ஆயுதத் தகவலைப் பகிர்ற பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். இன்னைக்கு வரைக்கும் நடப்புல இருக்கு. சூயஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை.

இதுதான் பிரிட்டன் கத்துக்கிட்ட பாடம்: இனி பெரிய விஷயம் எதுலயும் அமெரிக்காவை விட்டுத் தனியா நிக்கக்கூடாது.

இப்ப பாரிஸுக்கு வாங்க. நவம்பர் 6 அன்னைக்கு மொலேயோட அறையில ஒரு விருந்தாளி இருந்தார். மேற்கு ஜெர்மனி சான்சலர் அடினாவர். போரை நிறுத்தப்போறேன்னு ஈடன்கிட்டேர்ந்து போன் வந்தப்போ அவர் அங்கதான் இருந்தார். பிரான்ஸும் இங்கிலாந்தும் இனி அமெரிக்காவுக்கு நிகரான சக்தி ஆக முடியாது, ஐரோப்பாவைக் கட்டுங்க, அதுதான் உங்க பழிவாங்கல்ங்கிற அர்த்தத்துல அடினாவர் பேசினதா வெளியுறவு அமைச்சர் பினோ பின்னால எழுதினார். இதுல ஒரு அழகான தேதிப் பொருத்தம் இருக்கு. பெர்முடா சந்திப்பு 1957 மார்ச் 24-ல முடியுது. ரோம் ஒப்பந்தம், இன்னைக்கு இருக்கிற ஐரோப்பிய ஒன்றியத்தோட அடித்தளம், மார்ச் 25-ல கையெழுத்தாகுது. பிரிட்டன் ஒரு பக்கம், பிரான்ஸ் ஒரு பக்கம்.

பிரான்ஸுக்கு அன்னைக்கு ரெட்டைக் காயம்னு புரிஞ்சுக்கணும். அமெரிக்கா கழுத்தைப் பிடிச்சது ஒண்ணு. கூட நின்ன பிரிட்டன், நம்மகிட்ட ஒழுங்காக் கலந்துக்காம பாதியில கையை விட்டது இன்னொண்ணு. சொந்த அணுகுண்டு வேலை சூயஸுக்கு அப்புறம் வேகம் எடுத்துச்சு. 1960 பிப்ரவரி 13-ல சஹாரா பாலைவனத்துல முதல் சோதனை. அதுக்குள்ள டி கோல் ஆட்சிக்கு வந்துட்டார். அவர் எடுத்ததும் கதவை அறைஞ்சு சாத்தலை. 1958 செப்டம்பர்ல ஐசன்ஹோவருக்கும் மேக்மில்லனுக்கும் எழுதி, மேற்கு நாடுகளோட பெரிய முடிவுகளை மூணு பேரும் சேர்ந்து எடுப்போம்னு கேட்டார். நடக்கலை. கேட்டது கிடைக்காதுன்னு ஆனதும்தான் படிப்படியா விலகினார். தன் கட்டுப்பாடு இல்லாத அமெரிக்க அணு ஆயுதம் பிரெஞ்சு மண்ணுல வேண்டாம்னார். ரெண்டு சாவியே வேண்டாம், ஒரே சாவி, அது என் பாக்கெட்ல. 1966-ல நேட்டோவோட கூட்டு ராணுவத் தலைமையிலேர்ந்து பிரான்ஸ் வெளியே வந்துச்சு, நேட்டோ தலைமையகம் பாரிஸை விட்டு பிரஸ்ஸல்ஸ் போச்சு. ஆனா கூட்டணியை விட்டு பிரான்ஸ் போகவே இல்லை. இதைப் பலர் கவனிக்கிறது இல்லை. 2009-ல ராணுவத் தலைமைக்கும் திரும்பி வந்துட்டாங்க.

பிரிட்டனோட வழியும் மேடு பள்ளம் இல்லாம போகலை. 1962-ல 'ஸ்கைபோல்ட்'ன்னு ஒரு ஏவுகணை. அமெரிக்கா தயாரிச்சுத் தரும்னு பிரிட்டன் தன் அணு ஆயுத எதிர்காலத்தையே அதை நம்பி வச்சிருந்தது. அமெரிக்கா திடீர்னு அந்தத் திட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. பெரிய ரகளை. டிசம்பர்ல பஹாமாஸ்ல நாசாவ் நகரத்துல மேக்மில்லன் கென்னடியைப் பார்த்துப் பேசி, பதிலுக்கு 'போலாரிஸ்' ஏவுகணையை வாங்கிட்டு வந்தார். அடுத்த மாசமே டி கோல், அமெரிக்காவோட இவ்வளவு ஒட்டிக்கிட்ட பிரிட்டனுக்கு ஐரோப்பிய சந்தையில இடமில்லைன்னு வீட்டோ பண்ணார். சூயஸோட ரெண்டு பாடமும் அங்க நேருக்கு நேர் மோதிச்சு.

இதுல கென்னடி செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. இவ்வளவு நெருங்கின ரெண்டு அரசாங்கம் எப்படி இப்படி முட்டிக்கிச்சுன்னு கண்டுபிடிச்சுத் தரச் சொல்லி ரிச்சர்ட் நியூஸ்டட்ங்கிற அரசியல் அறிஞர்கிட்ட கேட்டார். 1963 நவம்பர்ல, கென்னடி கொல்லப்படுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அறிக்கை வந்தது. பின்னால சூயஸையும் ஸ்கைபோல்டையும் சேர்த்து வச்சு நியூஸ்டட் ஒரு புத்தகமே எழுதினார். அவரோட வாதம் என் வார்த்தைகள்ல: எதிரியைப் பத்தி நாம உளவு பார்க்கிறோம், ஆராய்றோம், சந்தேகப்படுறோம். நண்பனைப் பத்தி 'எனக்குத் தெரியாதா அவனை'ன்னு விட்டுடுறோம். மொழி ஒண்ணு, பழக்கம் ஒண்ணுங்கிறதால, அவன் உள்வீட்டுல, அவனோட அமைச்சரவையிலயும் தேர்தல்லயும், என்ன நெருக்கடி இருக்குன்னு பார்க்கவே மாட்டோம். வாயை மூடிட்டு இருந்தா சம்மதம்னு எடுத்துப்போம். நாம எதிர்பார்த்தது நடக்காதப்போ அது தப்புக்கணக்கு மாதிரித் தெரியாது, துரோகம் மாதிரித்தான் தெரியும்.

மேக்மில்லனோட அந்த இனிமையான செப்டம்பர் சந்திப்பை இப்ப நினைச்சுப் பாருங்க.

பிரிட்டன் அந்தப் பாடத்தைத் தேவைக்கு மேல படிச்சுடுச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். 1960-கள்ல பிரதமர் வில்சன் வியட்நாமுக்குப் படை அனுப்ப மறுத்தார். அமெரிக்காவுக்குக் கோபம் வந்துச்சு, ஆனா உறவு செத்துடலை. 2002-ல ஈராக் போருக்கு முன்னாடி டோனி பிளேர், என்ன ஆனாலும் கூட இருப்பேன்னு புஷ்ஷுக்கு எழுதிக் கொடுத்துட்டார். 2016-ல வந்த சில்காட் விசாரணை அறிக்கை, நேர்மையான கருத்து வேறுபாட்டைத் தாங்குற அளவுக்கு இந்த உறவு பலமானதுதான்னு சொன்னதை பிளேர் அன்னைக்கே யோசிச்சிருக்கலாம். அதே ஈராக்ல பிரான்ஸ் எதிர்த்து நின்னுச்சு. அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீன்ல 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' பேரையே மாத்தினாங்க. அதுவும் சில வருஷத்துல பழைய பேருக்குத் திரும்பிடுச்சு.

இந்தக் கதையில ஒருத்தரை நானே இதுவரைக்கும் ஓரமா வச்சுட்டேன். எகிப்து. போர்ட் சயீத் நகரத்துல நூற்றுக்கணக்கான சாதாரண மக்கள் செத்தாங்க. வாஷிங்டனும் லண்டனும் எப்படிச் சேர்ந்ததுன்னு எழுதின நூல்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கு. போர்ட் சயீத் அதுல ஓரிரு பத்திதான். கால்வாய் 1957 ஏப்ரல்ல திறந்தது, எகிப்து திறமையாவே நடத்துச்சு. 1958-ல பழைய பங்குதாரர்களுக்கு ஈடு தர ஒப்பந்தமும் ஆச்சு. நாசர் முதல் நாளே தர்றேன்னு சொன்னதுதான்.

கடைசியா, உங்க நினைவுல இருக்கக்கூடிய ஒண்ணு. 2021 செப்டம்பர். பிரான்ஸ்கிட்ட 12 நீர்மூழ்கிக் கப்பல் வாங்க 2016-ல முடிவு பண்ணியிருந்த ஆஸ்திரேலியா, அதைத் தூக்கிப் போட்டுட்டு அமெரிக்காவோடயும் பிரிட்டனோடயும் 'ஆக்கஸ்' ஒப்பந்தம் போட்டுச்சு. மாசக்கணக்குல ரகசியமாப் பேசியிருக்காங்க. மறுபடியும் பத்திரிகை வைக்காத கல்யாணம், இந்தத் தடவை வெளியே நின்னது பிரான்ஸ். வரலாற்றுலயே முதல் தடவையா வாஷிங்டன்லேர்ந்து தன் தூதரைத் திருப்பிக் கூப்பிட்டாங்க. கான்பெராலேர்ந்தும் கூப்பிட்டாங்க. லண்டன்லேர்ந்து கூப்பிடலை. பிரிட்டனை ஒரு பொருட்டாவே மதிக்கலைங்கிறதைக் காட்டுற விதம் அது.

அக்டோபர் 29-ல பைடன் ரோம்ல மக்ரோனைச் சந்திச்சார். இடம் எதுன்னு பாருங்க: அங்க இருக்கிற ஒரு பிரெஞ்சுத் தூதரகம். பெர்முடா மாதிரியே, அமெரிக்க அதிபர் விருந்தாளி. நாங்க செஞ்ச விதம் நயமா இல்லைன்னு பைடன் கேமரா முன்னாடி ஒத்துக்கிட்டார். நம்பிக்கைங்கிறது காதல் மாதிரி, சொன்னா நல்லது, நிரூபிச்சா இன்னும் நல்லதுங்கிற மாதிரி மக்ரோன் பதில் சொன்னார். கப்பல் ஆர்டர் திரும்பி வரலை. அடுத்த வருஷம் ஆட்சி மாறின ஆஸ்திரேலியா, அந்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு 55.5 கோடி யூரோ ஈடு கொடுத்துக் கணக்கை முடிச்சுது.

இன்னைக்கு பிரிட்டனோட அணு நீர்மூழ்கிகள் சுமக்கிற 'ட்ரைடென்ட்' ஏவுகணைகள், அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல கிங்ஸ் பே தளத்துல ரெண்டு நாடும் பகிர்ந்துக்கிற பொதுக் கையிருப்புலேர்ந்து எடுத்தது. முனையில இருக்கிற குண்டு மட்டும் பிரிட்டன்லயே செஞ்சது. பிரான்ஸோட நீர்மூழ்கிகள் பிரெஸ்ட் பக்கத்துல ஒரு தளத்துலேர்ந்து கிளம்புது. கப்பல், ஏவுகணை, குண்டு மூணுமே அவங்க சொந்தமாச் செஞ்சது. ரெண்டு நாடும் இன்னைக்கும் நேட்டோவுலதான் உட்கார்ந்திருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.